சிங்கப்பூரில் வானம் பார்ப்பதும் படம் எடுப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைக்குப் போகிற வழியிலும், பேருந்துக்கு நிற்கும்போதும், காயப்போட்ட துணியை எடுக்கப் போகும்போதும் நான் எடுக்கிற வானப் படங்களைப் பார்த்துவிட்டு உறவினர்களும் வேலையிடத்து நண்பர்களும் கேட்கிற கேள்விகள் இவை. வானத்துக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்க முடியாதவர்களை மனத்தில் வைத்துத்தான் பதில் எழுதியிருக்கிறேன்.

இந்த ஊரில் வானம் எங்கே தெரிகிறது? நிமிர்ந்தால் புளோக்தானே?

கீழே நடந்து போகும்போது அப்படித்தான் இருக்கும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் வசிப்பது உயரத்தில். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் பன்னிரண்டாவது மாடித் தாழ்வாரத்தில் நிற்பவருக்குக் கிடைக்கிற காட்சி, சொந்த ஊரில் ஒரு குன்று ஏறினால்தான் கிடைக்கும். அதைத் தினமும் சாவி தேடிக்கொண்டே கடந்து போகிறோம்.

முதலில் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டுச் சன்னல், தாழ்வாரம், அலுவலகச் சன்னல், வழக்கமாக நிற்கும் பேருந்து நிறுத்தம் இவை ஒவ்வொன்றும் எந்தத் திசையைப் பார்த்திருக்கின்றன என்று போனில் உள்ள திசைகாட்டியை வைத்துத் தெரிந்துகொள்ளுங்கள். வானம் பார்ப்பதில் பாதி வேலை இதுதான். திசை தெரிந்துவிட்டால் காலையில் எங்கே பார்ப்பது, மழை எந்தப் பக்கத்திலிருந்து வரும், வானவில் எங்கே தோன்றும், நிலா எங்கே ஏறும் என்று எல்லாம் தானாகப் புரிய ஆரம்பிக்கும். திசை தெரியாதவருக்கு எல்லாம் தற்செயலாகத்தான் அமையும்.

எந்த நேரத்தில் பார்ப்பது நல்லது?

நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 137 கிலோமீட்டரில் இருக்கிறோம். அதனால் ஆண்டு முழுக்கச் சூரியன் உதிப்பதும் மறைவதும் அரை மணி நேர வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும். நவம்பர் தொடக்கத்தில் மாலை 6:50 வாக்கில் மறையும். பிப்ரவரி நடுவில் 7:20 வாக்கில். காலையிலும் அப்படியே: நவம்பரில் 6:46, பிப்ரவரியில் 7:16. இந்த இரண்டு மாதங்களையும் நினைவில் வைத்தால் மற்ற மாதங்களை ஊகித்துவிடலாம்.

ஊரிலிருந்து வருபவர்கள், "ஏழு மணிக்குத்தான் விடிகிறதா?" என்று ஆச்சரியப்படுவார்கள். காரணம் கடிகாரம். 1982 ஜனவரி 1 முதல் மலேசியா தன் நேரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தது. சிங்கப்பூரும் கூடவே மாற்றிக்கொண்டது. நம் இடத்துக்கு இயல்பாக வரவேண்டிய நேரத்தைவிடக் கடிகாரம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறது. ஆகவே சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒரு மணியை ஒட்டி. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய லாபம். காலையில் எம்ஆர்டி ரயிலுக்கு நடக்கும்போது விடியல், மாலையில் வீடு திரும்பும்போது அந்தி, இரண்டும் நம் வழியிலேயே வந்துவிடுகின்றன.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். இங்கே சூரியன் சாய்வாக இறங்காது. கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்கும். அதனால் அந்தி வெளிச்சம் சீக்கிரம் போய்விடும். சூரியன் மறைந்த பின் இருபது நிமிடங்களுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். "குளித்துவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம்" என்று போனால் இருட்டிவிடும்.

என் வீட்டிலிருந்து மேற்கு தெரியாது. எனக்கு அந்தி கிடையாதா?

கிழக்கைப் பாருங்கள். எல்லாரும் மாலையில் மேற்கே போனைத் திருப்பும்போது கிழக்கே நடப்பதை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் நெடுநாளைய வருத்தம். இந்த ஊரின் சிறந்த அந்திகள் பாதி கிழக்கில்தான் நடக்கின்றன.

பிற்பகலில் எழுந்த இடிமேகம் 15 கிலோமீட்டர் உயரம்வரை வளரக்கூடியது. நமக்குச் சூரியன் மறைந்துவிட்டாலும் அந்த உச்சிக்கு இன்னும் மறைந்திருக்காது. கால் மணி நேரம்போல அதன்மேல் வெயில் அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு சனிக்கிழமை தேக்கா சந்தையில் சாமான் வாங்கிக்கொண்டு சிராங்கூன் ரோட்டுக்கு வந்தேன். அந்தச் சாலை வடகிழக்காக ஓடுகிறது. வீரமாகாளியம்மன் கோயில் பக்கம் நின்று சாலை நெடுகப் பார்த்தால், ஃபேரர் பார்க்குக்கு மேலே தனியாக ஒரு மேகம். அடிப்பகுதி ஈயச் சாம்பல். நடுவில் கோவைக்காய் பழுத்தாற்போல் ஒரு சிவப்பு. உச்சியில் மட்டும் இன்னும் மஞ்சள் வெயில், இரு பக்கமும் தட்டையாக விரிந்து கிடந்தது. மஞ்சள் ஆரஞ்சாகி, ஆரஞ்சு ரோஜா நிறமாகி, கீழிருந்து மேலாகச் சாம்பல் ஏறிக்கொண்டே போனது. அது உச்சியைத் தொட்ட பிறகு மேகத்துக்கு உள்ளே மின்னல் வெட்டுவது தெரிந்தது, சத்தமே இல்லாமல். பூக்கடையில் நின்றவர்கள் முழம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடம் கையை நீட்டிக் காட்டினேன். அவரும் போனை எடுத்தார்.

சில நாள் மாலையில் வானத்தின் குறுக்கே நீலமும் ரோஜாவுமாக அகலக் கோடுகள் விரிந்திருக்கும். மேற்கே, அடிவானத்துக்கும் அப்பால் நிற்கிற மேகங்களின் நிழல்கள் அவை. அந்தக் கோடுகள் தலைக்கு மேல் வந்து கிழக்கே மறுபடியும் ஒரே புள்ளியில் குவிவதுபோல் தெரியும். உண்மையில் அவை ஒன்றுக்கொன்று இணையாகவே போகின்றன. தண்டவாளம் தூரத்தில் சேர்வதாகத் தெரிகிற அதே கண்மயக்கு. இதைப் பார்த்தால் உடனே திரும்பிக் கிழக்கையும் பாருங்கள்.

நல்ல கேமரா வாங்கவேண்டுமா?

வேண்டாம். கையில் இருக்கிற போன் போதும். நிலாவின் பள்ளங்களையும் பறவையையும் எடுக்க ஆசை வந்தபின் கேமராவைப் பற்றி யோசிக்கலாம்.

கண்ணுக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்த நிறம் படத்தில் வெளுத்துவிடுகிறதே?

போன் எப்போதும் எல்லாவற்றையும் பிரகாசமாகக் காட்டத்தான் பார்க்கும். தரை இருட்டாக இருப்பதைக் கண்டு, அதைத் தூக்கிக் காட்ட வானத்தை வெளுத்துவிடும். அதற்கு மருந்து எளிது. திரையில் வானத்தின் ஒளி மிகுந்த பகுதியைத் தொடுங்கள். பக்கத்தில் சூரியன்போல ஒரு சின்னக் குறி வரும். அதை விரலால் கீழே இழுங்கள். மேகத்தின் விளிம்பில் வரிகள் தெரிய ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். கட்டடங்கள் கறுத்துப் போகும், போகட்டும். புளோக்கின் கறுத்த ஓரமும் துணிக்கழிகளும் வானத்துக்கு நல்ல சட்டமாக அமையும்.

அப்புறம் இரண்டு விஷயம். விரல்களால் விரித்துப் பெரிதாக்காதீர்கள். போனில் ஏற்கெனவே உள்ள ஒன்று, மூன்று, ஐந்து மடங்கு லென்ஸ்களில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெரிய மேகத்துக்கு அரை மடங்கு லென்ஸ். அடுத்தது, நிறத்தைக் கூட்டிக் காட்டும் ஃபில்டர்கள். நான் அவற்றைத் தொடுவதில்லை. அந்தியின் நிறத்தை மேலும் கூட்டினால் நேற்றைய அந்திக்கும் இன்றைய அந்திக்கும் வித்தியாசம் போய்விடும். வித்தியாசத்தைப் பார்க்கத்தானே தினமும் எடுக்கிறோம்?

வெளியே வந்ததும் எடுத்த படமெல்லாம் பனி மூடியதுபோல் இருக்கிறது. போன் கெட்டுவிட்டதா?

இல்லை. ஏர்கான் இருந்த இடத்திலிருந்து வெளியே வந்ததும் குளிர்ந்த லென்ஸில் ஈரம் படிகிறது. பேரங்காடி வாசலிலும் எம்ஆர்டி நிலையத்து வெளியிலும் இது நிச்சயம் நடக்கும். துடைத்தாலும் மறுபடி படியும். இரண்டு மூன்று நிமிடம் போனைக் கையில் வைத்திருங்கள், சூடு ஏறியதும் சரியாகிவிடும். மற்ற நேரத்தில் மங்கலாக இருந்தால் அது விரல் பிசுக்கு. மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

மழை வரப்போவதை வானத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும். இந்த ஊரில் அதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் துணி காயப்போடுகிறவர்கள். எங்கள் மாடியில் ஓர் அம்மா இருக்கிறார். தாழ்வாரத்தில் நின்று பார்ப்பார், "ஜொகூர் பக்கம் கறுத்துடுச்சும்மா, துணிய எடுத்துடு" என்பார் (ஜொகூர் நமக்கு வடக்கே, மலேசியாவில் இருக்கிறது). பெரும்பாலும் தப்பாது. அவர் பார்ப்பது மூன்றுதான்: எந்தத் திசை கறுக்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது, அது திடீரென்று குளிர்கிறதா.

இதற்குப் பின்னால் உள்ள ஒழுங்கு இதுதான். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம்வரை வடகிழக்குப் பருவக்காற்று. அதன் முதல் பாதியில் சில சமயம் இரண்டு மூன்று நாள் விடாமல் தூறி, வானம் ஒரே சாம்பலாக மூடிக்கிடக்கும். பிப்ரவரியில் அது காய்ந்து, காற்று வீசி, நீலம் பளிச்சென்று தெரியும். ஆண்டிலேயே தெளிவான நாள்கள் பல அப்போதுதான் கிடைக்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவம். இரண்டுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் காற்று மந்தமாக இருக்கும். காலை வெயில் தரையைச் சுட, பிற்பகலில் மேகம் குவிந்து இடியோடு கொட்டும். மேகம் பார்க்கிறவர்களுக்கு இந்த மாதங்கள்தான் விருந்து. காலை பத்து பதினோரு மணிக்குச் சின்னப் பஞ்சு மேகங்களாக இருப்பவை, மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது உயரத் தொடங்கியிருக்கும். உச்சி பூக்கோசுபோல் தெளிவாக இருந்தால் இன்னும் வளர்கிறது. உச்சி தட்டையாகி நார்நாராக விரிந்தால் அது முழு இடிமேகம். அலுவலகத்தில் குடையை எடுத்து வைத்துவிட்டுப் படம் எடுங்கள்.

தனியாகச் சொல்லவேண்டியது சுமத்ரா சூறைக்காற்று. இரவில் சுமத்ராவிலோ மலாக்கா நீரிணையிலோ இடிமேகங்கள் ஒரே வரிசையாகத் திரண்டு கிழக்கே நகரும். விடியலுக்கு முன்போ முற்பகலிலோ நம்மிடம் வந்து சேரும். ஏப்ரல் முதல் நவம்பர்வரை அடிக்கடி வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும். மழை ஒன்று இரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு ஓயும். அது வருகிற காட்சி மேற்கே திறந்த இடத்திலிருந்து பார்த்தால் மறக்காது: தரையோடு தாழ்ந்து, தெற்கு வடக்காக நீண்டு கிடக்கிற கறுத்த மேகச் சுருள், அதன் அடியில் வெளிறிய பச்சை கலந்த வெளிச்சம், காற்றே இல்லாத சில நிமிடங்கள், பிறகு மரங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வளைகிற சத்தம். அரை மடங்கு லென்ஸில் இரண்டு படம் எடுத்ததும் உள்ளே போய்விடுங்கள்.

வானிலை ஆய்வகத்தின் இணையத்தளத்திலும் மைஇஎன்வி செயலியிலும் மழை ரேடார் படம் கிடைக்கிறது. வானத்தைப் பார்த்து நீங்களே ஊகித்த பிறகு ரேடாரைத் திறந்து சரிபாருங்கள். ரேடாரை முதலில் பார்த்தால் கண் பழகாது.

மின்னலைப் படம் எடுக்க முடியுமா?

வீட்டுக்குள் இருந்து, மூடிய சன்னல் வழியாக, முடியும். போனைச் சன்னல் விளிம்பில் அசையாமல் வைத்துக் காணொளி எடுங்கள். மின்னல் விழுந்த நொடியைப் பிறகு படமாக வெட்டி எடுத்துக்கொள்ளலாம். அறை விளக்கை அணையுங்கள், கண்ணாடியில் உங்கள் முகம் தெரியாது.

வெளியில் நின்று எடுக்காதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூன்று நொடி என்றால் அது ஒரு கிலோமீட்டர் தூரத்தில் விழுந்திருக்கிறது. இடி காதில் விழுந்தாலே நீங்கள் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரை, திடல், கார்நிறுத்துமிடத்தின் மேல்தளம், தனி மரத்தடி எதுவும் ஆகாது. எந்தப் படமும் அதற்கு ஈடில்லை.

வானவில் எப்போது கிடைக்கும்?

வானவில் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே தோன்றும். சூரியன் அடிவானத்திலிருந்து 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் வில் தரைக்குக் கீழே போய்விடும், நமக்குத் தெரியாது. இங்கே சூரியன் மிக உயரமாக ஏறுவதால், ஏறக்குறைய காலை பத்துக்குள்ளும் மாலை நாலேகாலுக்குப் பிறகும்தான் வாய்ப்பு. நம் மழை பெரும்பாலும் பிற்பகலில் பெய்வதால் மாலை ஐந்து ஐந்தரைதான் சரியான நேரம். மழை கிழக்கே நகர்ந்து, மேற்கே வெயில் எட்டிப் பார்த்தால் உடனே சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்தும் துணைப்பாட வகுப்பிலிருந்தும் பிள்ளைகளை அழைத்து வருகிற நேரம் அது. சூரியன் எவ்வளவு தாழ்கிறதோ வில் அவ்வளவு உயரும். வெளியே இரண்டாவது வில் மங்கலாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். அதில் நிற வரிசை தலைகீழாக இருக்கும்.

சூரியனைச் சுற்றி ஒரு வட்டம் பார்த்தேன். அது என்ன?

உயரத்தில் மெல்லிய திரைபோலப் பரவிய மேகத்தில் பனிப்படிகங்கள் இருக்கின்றன. அறுகோணப் படிகங்கள் வெயிலை 22 பாகை அளவில் வளைத்து அந்த வட்டத்தை உண்டாக்குகின்றன. கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவு. சூரியனை ஒரு விளக்குக் கம்பத்தாலோ கட்டட ஓரத்தாலோ மறைத்துக்கொண்டு படம் எடுங்கள். வெறும் கண்ணால் சூரியனை நேரே பார்க்கவே கூடாது.

மேகத்தின் விளிம்பில் முத்துச்சிப்பி நிறம் தெரிவது வேறு. அது மிகச்சிறிய துளிகளோ படிகங்களோ வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வருவது. 2017 பிப்ரவரி 20 அன்று மாலை ஐந்து மணி வாக்கில் தீவின் பல பகுதிகளில் தெரிந்த வண்ண மேகத்தைப் பலர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிதாக அரிதாகத்தான் வரும். சின்ன அளவில், வளர்ந்துகொண்டிருக்கும் மேகத்தின் தலையில் மெல்லிய தொப்பிபோல ஒன்று படிந்தால் அதன் ஓரத்தில் தேடிப்பாருங்கள்.

என் நிழல் காணாமல் போகும் நாள் இருக்கிறதாமே?

ஆண்டுக்கு இரண்டு முறை. மார்ச் 23ஐ ஒட்டிப் பகல் 1:11 வாக்கில், செப்டம்பர் 19ஐ ஒட்டி 12:58 வாக்கில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் நிற்கும். விளக்குக் கம்பத்தையும் தரையையும் சேர்த்துப் படம் எடுங்கள். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும்.

புகைமூட்ட நாள்களில் எடுப்பதற்கு ஏதாவது இருக்குமா?

சூரியன் சிவப்புத் தட்டாகத் தெரியும், தூரத்துப் புளோக்குகள் அடுக்கடுக்காக மங்கும். படத்துக்கு அழகாகத்தான் அமையும். ஆனாலும் எனக்கு அதை எடுக்கும்போது மனம் கனக்கும். அது எரிகிற காட்டின் புகை. 2013 ஜூன் 21 அன்று காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டதை மறக்க முடியாது. தேசியச் சுற்றுப்புற வாரியம் வெளியிடும் அளவைப் பார்த்துவிட்டு, ஆரோக்கியமற்ற நிலை என்றால் சன்னலுக்குள் இருந்தே எடுங்கள். ஒரே சன்னலிலிருந்து தெளிவான நாளிலும் புகை நாளிலும் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தக் கட்டடம்வரை தெரிந்தது, எது மறைந்தது என்பது பதிவாகிவிடும்.

நிலா ஏன் எப்போதும் வெள்ளைப் புள்ளியாகவே விழுகிறது?

நிலா வானத்தில் அரை பாகைதான். நீட்டிய கையின் சுண்டுவிரல் நகம் அதை முழுக்க மறைத்துவிடும். அதோடு, நிலாமேல் அடிப்பது வெயில். போன் அதை இருட்டில் உள்ள விளக்கு என்று நினைத்து வெளுக்கிறது. இரவுமுறையை அணைத்து, தொலைவு லென்ஸில் நிலாவைத் தொட்டு, வெளிச்சத்தை நன்றாகக் குறையுங்கள். இன்னும் எளிய வழி, வானம் நீலமாக இருக்கும்போதே எடுப்பது. பௌர்ணமியன்று சூரியன் மறைகிற நேரத்தில் எதிரே நிலா ஏறும். அப்போது நிலா, கட்டடம், வானம் மூன்றும் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருக்கும். அடுத்தடுத்த நாள்களில் நாளுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தாமதமாகும்.

தைப்பூசத்துக்குச் சிராங்கூன் ரோட்டுக்கு வருகிறவர்கள் கோபுரத்தோடு நிலாவை எடுக்க ஆசைப்படுவார்கள். ஊர்வலம் பெருமாள் கோயிலில் தொடங்குகிற நள்ளிரவு நேரத்தில் நிலா கிட்டத்தட்ட உச்சியில் இருக்கும், கோபுரத்தோடு சேராது. முந்திய மாலை ஏழரை எட்டு மணிக்கே வந்தால் கிழக்கே தாழ்வாக நிற்கும். இல்லாவிட்டால் காவடி எடுப்பவரோடு இரவெல்லாம் நடந்து, ஊர்வலம் முடிகிற டேங்க் ரோட்டில் விடியலைச் சந்தித்தால், மேற்கே இறங்குகிற நிலா கிடைக்கும்.

மூன்றாம் பிறையையும் விட்டுவிடாதீர்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே அது கிட்டத்தட்ட மல்லாந்து, ஓடம்போல் கிடக்கும். பக்கத்தில் வெள்ளியும் இருந்தால் கூட்டத்தில் நிற்பவர்கள்கூட நிமிர்ந்து பார்ப்பார்கள்.

நட்சத்திரம் பார்க்க முடியுமா?

எண்ணிக்கையில் குறைவு. செயற்கை வெளிச்சத்தால் இரவு வானம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று உலகம் முழுக்கக் கணக்கிட்ட 2016ஆம் ஆண்டு ஆய்வில், மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட நாடு சிங்கப்பூர்தான். பால்வீதியை இங்கே தேடவேண்டாம்.

ஆனால் பிரகாசமானவை தெரிகின்றன, அவற்றில் பல பஞ்சாங்கத்தில் நாம் தினமும் கேட்கிற நட்சத்திரங்கள். ஜனவரி முதல் மார்ச்வரை இரவு எட்டு ஒன்பது மணிக்கு உயரத்தில் வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரியும். அவற்றுக்கு வடபுறம் செம்மையாக ஒளிர்வது திருவாதிரை. இன்னும் வடமேற்கே போனால் ரோகிணி, அதற்கப்பால் சின்னக் கொத்தாகக் கார்த்திகை. ஏப்ரல், மே இரவுகளில் சித்திரையும் சுவாதியும். அப்போதே தெற்கே தாழ்வாகத் தென்சிலுவை. ஜூன் முதல் ஆகஸ்ட்வரை தேளின் நடுவே சிவப்பாகக் கேட்டை. துருவ நட்சத்திரம் மட்டும் நமக்கு அடிவானத்தோடு ஒட்டிக்கிடப்பதால் கிடைக்காது. பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுடைய நட்சத்திரத்தைக் காட்டுங்கள். எழுபது வயதில் தன் நட்சத்திரத்தை முதன்முறை கண்ணால் பார்க்கிறவர் முகத்தைப் பார்க்கவேண்டும்.

ஜூரோங்கில் உள்ள அறிவியல் நிலையத்தின் வானாய்வுக்கூடத்தில் தொலைநோக்கி வழியே பார்க்க வெள்ளிக்கிழமை இரவுகளில் அனுமதித்திருக்கிறார்கள். போவதற்கு முன் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கிரகணம்?

2019 டிசம்பர் 26 அன்று பகல் ஒன்றரைக்குச் சற்று முன் சிங்கப்பூரில் சூரியன் மோதிரமாகத் தெரிந்தது, ஏறக்குறைய இரண்டு நிமிடம். அதே நிழல்தான் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் முன்பு தமிழ்நாட்டின் கோயம்புத்தூர் வழியாகவும் இலங்கையின் வடபகுதி வழியாகவும் கடந்து வந்தது. ஊரில் இருப்பவர்கள் படம் அனுப்பியபோது நாம் இன்னும் காத்திருந்தோம். சூரிய கிரகணத்துக்கு உரிய கண்ணாடி கட்டாயம் வேண்டும், கேமராவுக்கும் வடிகட்டி வேண்டும். சந்திர கிரகணத்துக்கு எதுவும் தேவையில்லை.

எந்த இடத்துக்குப் போனால் நல்லது?

போகிற இடத்தில் பாருங்கள் என்பதுதான் என் பதில். கேட்டே தீருவேன் என்றால்: மரினா அணைக்கட்டின் புல்தளத்தில் நாலா பக்கமும் வானம் திறந்திருக்கும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா தென்கிழக்கைப் பார்த்தது, விடியலுக்கு நல்லது. ஜூன், ஜூலையில் சூரியன் வடமேற்கில் மறைவதால் அந்த மாதங்களில் உட்லண்ட்ஸ் கடலோரப் பூங்காவும் பொங்கோல் படகுத்துறையும் பொருத்தம். டிசம்பரில் தென்மேற்கில் மறையும்போது வெஸ்ட் கோஸ்ட் பக்கம். பணமும் பயணமும் இல்லாமல் கிடைப்பது உங்கள் பேட்டையின் பலமாடிக் கார்நிறுத்துமிடத்து மேல்தளம். பார்சல் வாங்கப் போகும்போது மின்தூக்கியில் ஒருமுறை மேலே போய்விட்டு வாருங்கள்.

எம்ஆர்டியிலிருந்து எடுக்கலாமா?

தரைக்கு மேலே ஓடும் பகுதிகளில் எடுக்கலாம். கிழக்கு மேற்குப் பாதையில் காலாங்குக்குக் கிழக்கே, வடக்குத் தெற்குப் பாதையில் ஈசூன் பக்கமும் ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் உட்லண்ட்ஸுக்கும் இடையிலும், செங்காங், பொங்கோல் எல்ஆர்டி (இலகு ரயில்) முழுவதும். போனைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள், உள்வெளிச்சம் விழாது. புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டியில் புளோக்குகளுக்குப் பக்கத்தில் சன்னல் தானாகவே மங்கிவிடும், வீட்டுக்காரர்களின் அந்தரங்கத்துக்காக. தாண்டியதும் தெளியும்.

எதை எடுக்கக்கூடாது?

சோதனைச்சாவடிகளிலும், படம் எடுக்கத் தடை என்று பலகை வைத்த பாதுகாக்கப்பட்ட இடங்களிலும் எடுக்காதீர்கள். எதிர்ப் புளோக்கின் சன்னல்கள் படத்தில் வராமல் போனைச் சற்று உயர்த்துங்கள். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைப் பதிவு செய்யவேண்டும்; விமான நிலையங்களுக்கும் விமானத் தளங்களுக்கும் 5 கிலோமீட்டருக்குள் பறக்கவிட அனுமதி வேண்டும். இந்தச் சின்னத் தீவில் அந்த வட்டங்கள் பெரும்பகுதியை மூடிவிடும்.

படங்கள் குவிந்துவிட்டன. எதை வைத்துக்கொள்வது?

ஒரே மேகத்தில் ஒன்றை மட்டும் வையுங்கள். நேரத்தை போனே பதிந்துவிடும். திசையைத்தான் நீங்கள் குறிக்கவேண்டும். "தாழ்வாரம், கிழக்கு, மழைக்குப் பின்" என்று மூன்று சொல் போதும். அடுத்த ஆண்டு அதே மாதம் அதே இடத்தில் நிற்கும்போது பழைய படத்தைத் திறந்து பாருங்கள், சூரியன் எந்தப் புளோக்குக்குப் பின்னால் இறங்கும் என்று அதிலேயே இருக்கும்.